கடிக்கும் நாய்க்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் பக்கத்துத் தெருக்காரர் வளர்க்கும் பெரிய நாய் அடிக்கடி வெளியே வந்துவிடும். சென்ற மாதம் அது பள்ளிக்குப் போன என் மகளின் காலில் இரத்தம் வரும்படி கடித்துவிட்டது. ‘ஊசி போட்ட நாய்தான், பயம் வேண்டாம்’ என்று அவர் சொன்னதால் மகளுக்கு ஒரே ஓர் ஊசியோடு நிறுத்திவிட்டோம். பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டால், நாயைக் கொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள். பேருந்து நிலையத்திலும் தெருநாய்த் தொல்லை இருக்கிறது. நாங்கள் யாரிடம் முறையிடுவது?
– வாசகி ஒருவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சட்டத்தைப் பேசுவதற்கு முன், மகளை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா. வெறிநாய்க்கடி நோய் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ பிறகும் தலைகாட்டக்கூடியது. வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. கடித்த நாள் தொடங்கி 3, 7, 28 ஆம் நாள்களில் தோலில் போடப்படும் தடுப்பூசியை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். விட்டுப்போனதை எப்படித் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதையும், இரத்தம் கசிந்த காயத்துக்குத் தடுப்பூசியுடன், உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை என்பதையும் மற்ற வாசகர்களும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

வளர்ப்பு நாயையும் தெருநாயையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் நம் சிற்றூர்களில் பல புகார்கள் எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. உங்கள் மகளைக் கடித்த நாய்க்கு உரிமையாளர் இருக்கிறார்; ஆகவே பொறுப்பும் அவருடையதே. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி தெரிந்தோ அலட்சியத்தாலோ காக்கத் தவறுபவருக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289 ஆம் பிரிவில் இந்த அபராதம் 1,000 ரூபாயாகத்தான் இருந்தது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பது நல்லதே என்றாலும், அதை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்கு அது விடையாகாது. மருத்துவமனைச் சீட்டின் நகலோடு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவின்படி, ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படியோ வேறு வகையில் அப்புறப்படுத்தும்படியோ உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. உரிமையாளர் நேரில் வந்து தம் தரப்பைச் சொல்லலாம் என்பதால் இது ஒருதலைப்பட்சமான ஆணையுமன்று. பகை வளர்க்காமல் நாயைக் கட்டிவைக்கச் செய்ய இதையே நான் பெரிதும் விரும்புவேன். தெருவாசிகள் பலர் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும்.

தெருநாய்களைப் பொறுத்தவரை, கொல்ல அதிகாரமில்லை என்று பேரூராட்சி சொன்னது சரி. ஆனால் கடமை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை உள்ளாட்சியிடமே ஒப்படைத்துள்ளன. பிடித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டால், காலியான இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்துவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். வெறிநோய் கண்ட அல்லது ஆக்ரோஷமான நாய்களைத் திரும்ப விடக்கூடாது என்றும், தெருவில் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் இட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடாமல் காப்பகத்துக்கு மாற்றவும் ஆணையிட்டது. உங்கள் பேருந்து நிலையத்துக்கு நேராகப் பொருந்துவது இதுதான். செயல் அலுவலருக்கு எழுதும் மனுவில் இத்தேதியைக் குறிப்பிடுங்கள்.

கருத்தடை மையமும் மருத்துவரும் இல்லாத சிறிய பேரூராட்சிக்கு இது எளிதன்று என்பதை அறிவேன். அருகிலுள்ள நகராட்சியோடு சேர்ந்து செய்யும்படி மனுவில் கேளுங்கள். இறைச்சிக் கடைக் கழிவு கொட்டப்படும் இடங்களையும் பட்டியலிட்டு இணைத்து விடுங்கள். நாய்கள் கூட்டமாகச் சேர்வது பெரும்பாலும் அங்கேதான்.