எல்லைப்புறத்திலிருந்து ஊருக்கு எழுதியவர்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் குடியேறியவர்கள், ஏறத்தாழ 1830 முதல் 1880 வரை, ஊரில் விட்டுவந்த தாய் தகப்பனுக்கும் உடன்பிறந்தோருக்கும் எழுதிய கடிதங்களைப் பற்றி அன்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, இக்கடிதங்களின் படங்களைப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் உறையே இல்லை. எழுத்தும் நெருக்கியடித்துக்கொண்டு, ஓரங்களில்கூட இடம் விடாமல் இருக்கிறது. காகிதப் பஞ்சமா?

காகிதத்தைவிட அஞ்சல் கட்டணமே காரணம். 1845 வரை அமெரிக்க அஞ்சல் துறை எடையைப் பார்க்கவில்லை. எத்தனை தாள், எவ்வளவு தொலைவு என்று பார்த்தே கட்டணம் வாங்கியது. 400 மைலுக்கு அப்பால் போகும் கடிதத்துக்குத் தாள் ஒன்றுக்கு 25 சென்ட். இரண்டு தாள் என்றால் 50. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால், அதற்குப் பணம் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. எனவே பெரிய தாள் ஒன்றை இரண்டாக மடித்து நான்கு பக்கமாக்கி, கடைசிப் பக்கத்தின் நடுவில் முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, மீண்டும் மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள்.

இடம் போதாதவர்கள் எழுதி முடித்த பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முன்பு எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். முதல் பார்வைக்குக் கோணிப்பை நெசவு போலத்தான் தெரியும். ஒரு திசையில் மட்டும் கண்ணை ஓட்டப் பழகிக்கொண்டால் இரண்டாம் நாளே வாசிக்க வந்துவிடும். மையும் நமக்குத் தெரிந்த சரக்குதான்: மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. எழுதும்போது கறுப்பாக இருந்து, காலப்போக்கில் பழுப்பாகி, சில இடங்களில் தாளையே அரித்துவிட்டது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கட்டணத்தைக் கட்டியவர் கடிதத்தைப் பெற்றவர். அதாவது மகன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் தகப்பனுக்கு ஒரு செலவு. "எழுதுவதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை, மன்னிக்கவும்" என்ற தொனி இக்கடிதங்களில் அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒரு சென்ட் அல்லது ஒன்றரை சென்ட் செலவில் செய்தித்தாள் அனுப்ப முடிந்ததால், சிலர் அதிலுள்ள எழுத்துகளின் கீழ் ஊசியால் குத்தி அல்லது புள்ளி வைத்துச் சேதி சொன்னார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, ஆனாலும் நடந்தது.

கேள்வி: நான் அஞ்சல்தலை சேகரிப்பவன். எந்த ஆண்டுக் கடிதத்திலிருந்து தலை ஒட்டியிருக்கும்?

நாட்டின் முதல் பொது அஞ்சல்தலைகள் 1847 ஜூலை 1 அன்று வந்தன: பிராங்க்ளின் படத்துடன் 5 சென்ட், வாஷிங்டன் படத்துடன் 10 சென்ட். ஆனால் உடனே எல்லாரும் வாங்கி ஒட்டவில்லை. அனுப்புபவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 1855இலும், அதைத் தலையாகவே ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் 1856 தொடக்கத்திலும்தான் வந்தன. ஆகவே தலை இல்லை என்பதற்காக ஒரு கடிதத்தை 1847க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: குதிரை அஞ்சல் பற்றிச் சொல்லுங்கள். குடும்பங்கள் அதைப் பயன்படுத்தினவா?

இல்லை என்றே சொல்லலாம். குதிரைக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி மிசௌரியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கடிதம் கொண்டுபோன அந்தச் சேவை, 1860 ஏப்ரலில் தொடங்கி 1861 அக்டோபரில் முடிந்தது. தொடக்கத்தில் அரை அவுன்ஸுக்கு 5 டாலர். வணிகர்களும் செய்தித்தாள்களும் அந்தச் செலவைத் தாங்கினார்கள். பேறுகாலச் செய்தி சொல்ல 5 டாலர் கொடுக்கும் குடியானவன் இல்லை.

கேள்வி: ஒரு கடிதம் போய்ச்சேர எத்தனை நாள் ஆனது? பதில் வரும்வரை எப்படிக் காத்திருந்தார்கள்?

இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. மிகக் கடுமையான காத்திருப்புக்கு நார்சிஸா விட்மன் என்பவரைத்தான் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அவர், மருத்துவரும் சமயப் பணியாளருமான கணவருடன் 1836இல் ராக்கி மலையைக் கடந்து, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலாவுக்கு அருகே கயூஸ் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் குடியேறினார். அங்கு அஞ்சலகமே கிடையாது. கடிதங்கள் விலங்குத்தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆட்கள் கையிலோ, ஹவாய் வழியாகத் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிவரும் கப்பலிலோதான் போக வேண்டும். வீட்டிலிருந்து முதல் கடிதம் அவர் கைக்குக் கிடைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1837 மார்ச்சில் அவருக்கு ஆலிஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது. 1839 ஜூன் 23 அன்று, தண்ணீர் மொள்ளக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போன அந்தக் குழந்தை, வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் மூழ்கி இறந்தது. ஆற்றில் இரண்டு கோப்பைகள் மிதப்பதாக யாரோ வந்து சொன்னதுதான் முதல் தகவல். இதை அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், கோப்பைகளைப் பற்றிக் கேட்ட கணத்தில் தமக்கு உடனே உறைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். அந்தக் கடிதம் போய்ச்சேரும்வரை ஊரில் தாத்தாவும் பாட்டியும் பேத்தி வளர்ந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருப்பார்கள். இத்தகைய கடிதங்களில் எழுதிய தேதியோடு, அது கிடைத்த தேதியையும் தேடிப் பாருங்கள். பெற்றவர்கள் பலர் அதைப் பின்புறத்தில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

1849க்குப் பிறகு பனாமா வழியாக நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் கலிபோர்னியா அஞ்சல் மாதக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு வந்தது. கப்பல் வந்த நாளில் சான் பிரான்சிஸ்கோ அஞ்சலகத்தின் முன் வரிசை தெருக்களைத் தாண்டி நீளும். தங்கம் தேடி வந்தவர்களில் சிலர் முன்னாலேயே இடம் பிடித்து, அந்த இடத்தை விற்றுக் காசு பார்த்தார்கள்.

கேள்வி: "நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்றுதான் எல்லாக் கடிதமும் தொடங்குகிறது. வெறும் சம்பிரதாயம்தானே?

நம்முடைய "நலம், நலமறிய ஆவல்" போன்றதுதான். ஆனால் வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள். மலேரியாக் குளிர்காய்ச்சலும் காலராவும் ஆளைத் தூக்கிக்கொண்டு போன நாள்களில், கடிதத்தைப் பிரித்தவர்கள் முதலில் தேடிய செய்தியே அதுதான். அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம் தொடங்கினால், அடுத்த வரிக்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊரார் கவலைப்படக் கூடாது என்று உண்மையை மறைத்திருக்க மாட்டார்களா? கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இக்கடிதங்களை எவ்வளவு நம்பலாம் என்பதே குழப்பம்.

மறைத்தார்கள். அதைவிட முக்கியம், அடுத்தவர்கள் திருத்தினார்கள். கலிபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் புறப்பட்ட டானர் குழுவின் ஒரே பயணத்தில் எழுதப்பட்ட இரண்டு கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1846 ஜூன் 16 அன்று, பிளாட் ஆற்றங்கரையிலிருந்து டாம்சன் டானர் என்ற பெண்மணி இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு எழுதுகிறார். இதுவரை பட்டதைவிடப் பெரிதாக எதுவும் நேராவிட்டால், கஷ்டமெல்லாம் புறப்படுவதில்தான் இருக்கிறது என்பேன் என்கிறார். ஊர்ச் செய்தித்தாள் அடுத்த மாதமே அதை வெளியிட்டது. அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை; அன்றுவரை நடந்தது அவ்வளவே. அக்குழு குறுக்குவழி ஒன்றை நம்பிப் போய், சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கியது. கணக்கில் வந்த 87 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். டாம்சன் 1847இல் அந்த மலையிலேயே இறந்தார்.

உயிர் பிழைத்த வர்ஜீனியா ரீட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, 1847 மே 16 அன்று கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலிருந்து ஊரிலிருந்த மாமன் மகளுக்கு எழுதினாள். எழுத்துப்பிழைகள் மலிந்த அந்தக் கடிதத்தில், எல்லாவற்றையும் இழந்தோம், உயிரோடு வந்துசேர்ந்தோம் என்கிறாள். பட்டினியில், இறந்தவர்களின் மாமிசத்தை உண்ணாத ஒரே குடும்பம் தங்களுடையது என்பதையும் சொல்லிவிடுகிறாள். முடிக்கும்போது அவள் தரும் அறிவுரை: இந்தக் கடிதத்தைப் பார்த்து யாரும் மனம் தளர வேண்டாம், குறுக்குவழியில் மட்டும் போகாதீர்கள், முடிந்த வேகத்தில் வந்துசேருங்கள். இத்தனைக்குப் பிறகும் "வராதீர்கள்" என்று அவள் எழுதவில்லை!

மூலக் கடிதம் பெர்க்கிலியிலுள்ள பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. அதில் அவளுடைய வளர்ப்புத் தந்தை ஜேம்ஸ் ரீட் இடையிடையே சேர்த்தும் திருத்தியும் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் செய்தித்தாளில் அச்சான வடிவத்தை ஆசிரியர் குழு மேலும் செப்பனிட்டது. மாணவர்களுக்கு நீங்கள் அச்சு வடிவத்தை மட்டும் கொடுத்தால், அவர்கள் வாசிப்பது சிறுமியை அல்ல, மூன்று பேரை. குடும்பக் கடிதங்களை எவ்வளவு நம்பலாம் என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்தத் தாளை எத்தனை கைகள் தொட்டன என்று ஒவ்வொன்றிலும் கேட்பதே பயன் தரும்.

கேள்வி: அச்சில் வந்த "இல்லினாய் கடிதங்கள்" போன்றவையும் இதே வகையா?

அல்ல. மாரிஸ் பர்க்பெக் 1818இல் வெளியிட்டவை கடித வடிவில் இருந்தாலும், இங்கிலாந்தின் உழவர்களைத் தம் குடியேற்றத்துக்கு அழைக்கும் நோக்கம் கொண்டவை. ஜெர்மானியர்களை மிசௌரிக்கு இழுத்த காட்ஃபிரீட் டூடனின் 1829 நூலும் அப்படித்தான். அவற்றை விளம்பரமாகவே வாசிப்பேன்.

கேள்வி: எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்?

அண்டை வீட்டாரிடமோ போதகரிடமோ சொல்லி எழுதச் செய்தார்கள். வந்த கடிதத்தையும் பிறர் வாசிக்கக் கேட்டார்கள். எனவே அந்தரங்கம் என்பது குறைவு. அரைகுறையாக எழுதத் தெரிந்தவர்கள் பேசுவது போலவே எழுத்துக்கூட்டினார்கள். சத்தமாக வாசித்தால் சட்டெனப் புரியும். கண்ணால் மட்டும் வாசித்தால் திணறுவீர்கள்.

கேள்வி: பெண்கள் அங்கே துயரப்பட்டுக்கொண்டேதான் இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். கடிதங்கள் அப்படித்தான் சொல்கின்றனவா?

ஒரு குடும்பத்தைக் கொண்டு சொல்கிறேன். இந்தியானா மாநிலத்தில் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுவந்த யூரையா ஆப்லிங்கர், 1862ஆம் ஆண்டு நிலச்சட்டம் வழங்கிய 160 ஏக்கரை நாடி மனைவியை ஊரில் விட்டுவிட்டு நெப்ராஸ்காவுக்குப் போனார். 1873 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கி மூன்று நாள் வீசிய பனிப்புயலைப் பற்றி மனைவி மேட்டிக்கு எழுதினார். அவ்வளவையும் வாசித்த பிறகும் அடுத்த மாதம் மேட்டி குழந்தையுடன் போய்ச்சேர்ந்தார்.

1873 ஜூன் 16 அன்று மேட்டி தம் வீட்டாருக்கு எழுதிய கடிதம் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். புல்லோடு சேர்த்து வெட்டிய மண்பாளங்களை அடுக்கிக் கட்டிய வீடு அது. தரை போடப்படவில்லை. வண்டியின் மேல்விரிப்பை இரண்டாகக் கிழித்து இரு பக்கச் சுவர்களில் தொங்கவிட்டு, மற்ற இடங்களில் காகிதம் ஒட்டியிருக்கிறார். மண் வீட்டில் இருப்பதால் நாங்கள் பரிதாபமாக வாழ்வதாக நினைப்பீர்கள், ஆனால் இதைவிட மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை என்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: இங்கே நாங்கள் போடும் ஒவ்வொரு அடியும் எங்களுக்கே, பாதி இன்னொருவருக்கு அல்ல. வாரம் அளந்து கொடுத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வரியை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே மேட்டி 1880 பிப்ரவரியில் பிரசவத்தில் இறந்தார். துயரம் இருந்தது, ஆனால் அது மட்டுமே இருந்தது என்று எழுதுபவர்கள் 1873ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பார்க்காதவர்கள்.

கேள்வி: அந்த நிலங்களின் சொந்தக்காரர்களான பூர்வகுடிகளைப் பற்றி இக்கடிதங்கள் என்ன சொல்கின்றன?

பெரும்பாலும் அச்சமும் அலட்சியமும். நார்சிஸாவின் கடிதங்களிலேயே ஆண்டுகள் செல்லச் செல்லக் கயூஸ் மக்கள் மீதான சலிப்பு வெளிப்படையாகத் தெரியும். 1847இல் தட்டம்மை அம்மக்களில் பலரை அழித்தது. நார்சிஸாவின் கணவரான மருத்துவர் தங்களுக்கு நஞ்சூட்டுகிறார் என்ற ஐயம் பரவி, நவம்பர் 29 அன்று விட்மன் தம்பதியர் கொல்லப்பட்டார்கள். நார்சிஸாவின் கடிதங்களை மட்டும் வாசித்தால் அந்த முடிவு திடீரென்று வந்ததாகத் தோன்றும்.

இன்னொரு வகைக் கடிதமும் இருக்கிறது. அதைக் கேட்பவர் குறைவு. செரோக்கி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த செக்வோயா என்பவர் 1821 வாக்கில் அவர்கள் மொழிக்கு அசையெழுத்து ஒன்றை உருவாக்கி முடித்தார். அப்போதே செரோக்கி மக்களில் ஒரு பகுதியினர் மேற்கே ஆர்கன்சாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். அவர்களின் கடிதங்களைச் செக்வோயாவே கிழக்கிலிருந்த உறவினரிடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டியதாகச் சொல்வார்கள். குடும்பங்கள் பிரிந்தது குடியேறியவர்கள் பக்கம் மட்டுமல்ல.

கேள்வி: ஊரிலிருந்து போன பதில் கடிதங்கள் ஏன் கிடைப்பதில்லை? முதலில் எதை வாசிக்கத் தொடங்கலாம்?

ஊரில் இருந்தவர்களுக்கு மரப்பெட்டியும் பரணும் இருந்தன. மேற்கே போனவர்களுக்கு ஒழுகும் கூரையும் அடிக்கடி இடமாற்றமும் இருந்தன. ஆகவே மேற்கிலிருந்து வந்த பாதி பிழைத்தது, அங்கே போன பாதி பெரும்பாலும் அழிந்தது. கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் கேட்பது போன்ற வாசிப்பு இது. "நீங்கள் கேட்டபடி" என்று தொடங்கும் வரிகளைத் தனியே குறித்துவைத்தால், தொலைந்த பாதியில் கொஞ்சமாவது மீளும்.

தொடங்குவதற்கு ஆப்லிங்கர் குடும்பத்தின் கடிதங்களையே சொல்வேன். நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் அவற்றைப் படங்களாகவும் எழுத்துப்பெயர்ப்பாகவும் இணையத்தில் வைத்திருக்கின்றன. ஏறக்குறைய மூவாயிரம் பக்கங்கள். தேதி வரிசையில் வாசியுங்கள், 1880க்குத் தாவாதீர்கள். இடையில் வரும் விதை விலை, வெட்டுக்கிளி, கடன், குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அந்தப் பிப்ரவரி மாதத்துக்கு வாருங்கள்.