குழியில் நீர் தேங்குகிறதே!

கேள்வி: காரைக்குடி அருகே எங்கள் கல்லூரி மொட்டைமாடி 500 சதுர மீட்டர். ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் மழைநீர்க் குழி வெட்டி ஜல்லி நிரப்பினோம். ஒரே மழையில் வழிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: குழி ரொம்பச் சிறிசு! 10 மி.மீ. மழைக்கே உங்கள் மாடியில் 5,000 லிட்டர் விழும். சேதாரம் போக நாலாயிரம் லிட்டராவது குழாயில் இறங்கும். ஜல்லி இடுக்கில் நிற்பதோ சுமார் 400 லிட்டர். அடியில் செம்புறாங்கல் (இறுகிய சிவப்புக் கல்) படுகை இருந்தால் உறிஞ்சுவதும் மெதுவாகத்தான். குழி நடுவே 6 அங்குலத் துளையிட்டு அந்தப் படுகையைத் தாண்டுங்கள், துளையிட்ட பி.வி.சி. குழாயை நைலான் வலை சுற்றி இறக்குங்கள். மேலே ஓரடி ஆற்றுமணல். வண்டல் அடைத்துக்கொள்வது அங்கேதான்: புரட்டாசியிலேயே மேல் இரண்டங்குலத்தைச் சுரண்டி மாற்றுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மிச்சம் வழிவதை ஊருணிக்குத் திருப்பலாம், வரத்துக்கால்வாய் தூராமல் இருந்தால்!