இறுகிய ஸ்டட், உடைந்த சென்சார்: ஈஸி அவுட்டைக் கையில் எடுக்கும் முன்

பழைய பெட்ரோல் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்து ஹெட்டிலேயே நின்றுவிட்டது, சென்சாரும் அசையவில்லை, வீட்டிலேயே எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம். ஆனால் ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, அதில் இறக்கித் திருகி எடுக்கும் கெட்டியான கருவி) செட் வாங்கி வைத்திருந்தால் அது டப்பாவிலேயே இருக்கட்டும். திருவான்மியூர் கடல்காற்றில் பல வருடம் நின்ற என் காரில் அதைத்தான் முதலில் எடுத்தேன். முறிந்த 8 எம்எம் ஸ்டட்டில் ஓட்டை போட்டு ஈஸி அவுட்டை இறக்கி, வரமாட்டேன் என்கிறதே என்று கைப்பிடியில் பைப்பைச் சொருகி ஒரு திருகு திருகினேன், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஸ்டட்டுக்குள் அதுவும் முறிந்து உட்கார்ந்துகொண்டது. சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்குமே தவிர அறுக்காது. கடைசியில் ஹெட்டைக் கழற்றி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) போடும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த வெல்டர் அண்ணன், அதே ஹெட்டில் முறிந்திருந்த இன்னொரு ஸ்டட்டை என் கண் முன்னாலேயே எடுத்தார். 2 எம்எம் தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து ஓட்டைக்குள் வெல்டிங்கை நிரப்பினார், சிவப்பு அடங்கும்வரை சும்மா நின்றார், பிறகு ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினார். கரகரவென்று துரு கொட்டியது, அப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டார். ஸ்டட் சூட்டில் உப்பித் துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கிப் பிடியை விடும். இரும்பு வெல்டிங் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது. வண்டியில் வைத்தே செய்தால் பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

முறியாத ஸ்டட் என்றால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றுங்கள். முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவிடுவது நல்லது. ஆயிலை நன்றாகத் துடைத்துவிட்டு ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் அது இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிந்து மரையை இளக்கும்.

சென்சார் எது என்று நீங்கள் சொல்லவில்லை, இரண்டையும் சொல்கிறேன். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே, கையுறையோடு கழற்றுங்கள். தூக்கிப்போடப் போகிற சென்சார்தானே, வயரை வெட்டிவிட்டு 22 ரிங் ஸ்பானரை முழுசாக மாட்டுங்கள், முனை மழுங்காது.

எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் வேறு ரகம். பிளாஸ்டிக் உடம்பு, சுற்றிலும் துரு, நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும். நெம்பாமல் இடம் வலமாகத் திருகித் திருகி இழுக்க வேண்டும். உடைந்தேவிட்டால் மிச்சத்தில் நீளமான ஸ்க்ரூ ஒன்றை மெதுவாக ஏற்றி, அதை பிளையரால் பிடித்து இழுங்கள். உள்ளே மட்டும் தட்டாதீர்கள், துண்டு விழுந்தால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஓட்டைதான் போட்டாக வேண்டும் என்றால் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்துச் சின்ன பிட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 8 எம்எம் ஸ்டட்டின் வழக்கமான 1.25 எம்எம் இடைவெளி மரைக்கு 6.8 எம்எம் பிட்டைத் தாண்ட வேண்டாம். ஓட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு லேத்துக்குக் கொண்டுபோங்கள், ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுப்பார்கள்.