சோலார் விளக்கு தானே அணைய டைமர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வாசல் சுவரில் மாட்டியிருக்கும் சோலார் விளக்கு விடிய விடிய எரிகிறது. இருட்டி நாலு மணி நேரத்தில் தானாக அணையும்படி செய்ய முடியுமா? உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது.

பதில்: தாராளமாக. கடிகார டைமர் வேண்டாம். பொழுது சாயும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். பேனல் வோல்டேஜ் இறங்கியதும் மின் துடிப்புகளை எண்ணத் தொடங்கும் சிடி4060 ஐ.சி. (சிப்) போதும்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பேனலின் மைனஸும் பேட்டரியின் மைனஸும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். பேனலைக் கெட்டித் துணியால் மூடினால் அதன் முனைகளில் வோல்டேஜ் ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இந்த முறை அந்த விளக்குக்குப் பொருந்தாது.

ஐ.சி.யின் 16-ஆம் கால் பேட்டரி பிளஸுக்கு, 8 மைனஸுக்கு. 10-ஆம் காலில் 750 கிலோ ஓம் ரெசிஸ்டர், 9-இல் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், 11-இல் 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர். இந்த மூன்றின் மறுமுனைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பற்றவையுங்கள். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 1.7 நொடி ஆகும். 8192 துடிப்பு முடிந்ததும் 3-ஆம் காலில் வோல்டேஜ் உயரும்; அதுதான் விளக்கை அணைக்கும். அதாவது 3 மணி 55 நிமிடம். உதிரிபாகங்களின் அளவு வித்தியாசத்தால் அரை மணி நேரம் முன்பின் ஆகலாம். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரை இங்கே போடாதீர்கள். அதன் கசிவு கணக்கைக் குலைத்துவிடும்.

பேனல் பிளஸிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக 12-ஆம் காலுக்கு ஒரு ஒயர், அதே காலிலிருந்து மைனஸுக்கு 1 மெகா ஓம். பகல் முழுக்க இது எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கும். பிறகு, நேரம் முடிந்ததும் எண்ணுவதை நிறுத்த 1என்4148 டயோடு: பட்டை போட்ட முனை 11-ஆம் காலில், மற்றது 3-இல்.

கடைசியாக எல்.இ.டி.க்குப் போகும் பிளஸ் ஒயரை வெட்டி, நடுவில் சுவிட்சாக ஏஓ3401 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வையுங்கள். சோர்ஸ் போர்டு பக்கம், டிரெய்ன் எல்.இ.டி. பக்கம், கேட் 3-ஆம் காலுக்கு. ஐஆர்எஃப்9540 கைவசம் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். இங்கே விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

சோதிக்க நாலு மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. 1 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 0.01 போட்டு பேனலை மூடினால் இரண்டரை நிமிடத்துக்குள் அணைய வேண்டும்.

கேள்வி: இதே 4060 டைமரைப் போட்டிருக்கிறேன். அணைந்த விளக்கு ராத்திரியில் மறுபடி எரிகிறது. ஏன்?

பதில்: எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். அணைந்து சரியாக அதே அளவு நேரம் கழித்து எரிந்தால், டயோடு விட்டுப்போயிருக்கிறது. எண்ணிக்கை நிற்காமல் ஓடி, 3-ஆம் கால் மறுபடி இறங்குகிறது.

நேரம் காலமில்லாமல் எரிந்தால், தெருவில் திரும்பும் வண்டிகளின் முகப்பு வெளிச்சம் பேனலில் விழுந்து ஐ.சி.யின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குகிறது (ரீசெட்). 12-ஆம் காலுக்கும் மைனஸுக்கும் நடுவே 47 மைக்ரோஃபாரட் போடுங்கள் (இங்கே எலக்ட்ரோலிடிக் பரவாயில்லை, பிளஸ் முனை 12-இல்). சில நொடி வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். நிலையான தெருவிளக்கு என்றால் பேனலைத் திருப்பி வைப்பதே வழி.

நேரமே தாறுமாறாக இருந்தால் ஈரம். மெகா ஓம் ரெசிஸ்டர்கள் உள்ள இடத்தில் லேசான ஈரப்பசையும் மின்சாரத்தைக் கசியவிடும். பற்றவைத்தபோது படிந்த ஃபிளக்ஸைத் துடைத்து, உலர்த்தி, வார்னிஷ் பூசுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் குத்தி வைக்கும் சின்ன விளக்குகளுக்கும் இதைச் செய்யலாமா?

பதில்: அவற்றில் இருப்பது பெரும்பாலும் 1.2 வோல்ட் செல் ஒன்றுதான். 4060-க்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும், ஆகவே ஓடாது. அங்கே வெளிச்சத்தைக் குறைத்து செல்லைக் காப்பதே நல்லது. நாலு கால் ஐ.சி. பக்கத்தில் ரெசிஸ்டர் மாதிரி நிறப்பட்டைகளோடு இருப்பது இண்டக்டர். அதன் மதிப்பை இரட்டிப்பாக்கினால் எல்.இ.டி. கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். எரியும் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

கேள்வி: எத்தனை மணி நேரம் வைப்பது நல்லது?

பதில்: ஒரு பகலில் ஏறிய சார்ஜுக்குள் அடங்கும்படி வையுங்கள். 1 வாட், 5 வோல்ட் பேனல் நல்ல வெயிலில் 200 மில்லி ஆம்பியர் தரும். நாலு மணி நேர நல்ல வெயிலுக்கு 800 மில்லி ஆம்பியர்-மணி. விளக்கு 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும். மேகமூட்டமான நாட்களை நினைத்து மூன்று வைப்பது இன்னும் நல்லது. இரவுதோறும் அடிமட்டம் வரை வடியும் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், ஆறு விளக்குகள். தனி டைமர் வாங்கவா?

பதில்: வாங்குமுன் கன்ட்ரோலரில் லோடு (விளக்குகளை இணைக்கும் முனை) எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற அமைப்பைப் பாருங்கள். டிஸ்பிளே உள்ள பல மாடல்களில் 24 என்றால் எப்போதும் எரியும், 0 என்றால் மாலை முதல் விடியும் வரை, 1 முதல் 23 வரை என்றால் இருட்டியபின் அத்தனை மணி நேரம். விளக்குகள் லோடு முனையில் இருந்தால்தான் இது வேலை செய்யும். நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தால் ஒயரை மாற்றுங்கள்.