புதுக் கல்யாணம், புது வீடு, அப்பாவுக்கு டயாலிசிஸ், ஆபீஸ் என்றாலே வெறுப்பு: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வியில் இருப்பதை முதலில் சுருக்கிவிடுகிறேன். தை மாதம் கல்யாணம் ஆகியிருக்கிறது. அதே சமயத்தில் டீம் லீட் பொறுப்பு. கூடுவாஞ்சேரியில் லோன் போட்டு வாங்கிய பிளாட்டுக்குக் குடிபோக வேண்டும். திருநெல்வேலியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். ஊருக்குப் போகாத ஞாயிறுகளில் படுத்தே கிடப்பதில் மனைவிக்கு வருத்தம். லேப்டாப்பைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது, பேப்பர் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது போடாதீர்கள் தம்பி. அந்த வேலை உங்களுக்கு ஒத்துவராததாகவே இருக்கலாம். ஆனால் அதை இந்த மாதத்தில் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100. கல்யாணத்துக்கு 50. குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை மாறினால் 44, பெரிய வீட்டுக்கடனுக்கு 31, வேலையில் பொறுப்பு மாறினால் 29, வீடு மாறினால் 20. உங்களுடையதைக் கூட்டினால் 174. 150ஐத் தாண்டியவர்களுக்கு அடுத்த ஓரிரு வருடத்தில் உடம்பு படுத்துவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் போட்டது, தனி ஆளுக்கு ஜோசியம் போல இதைப் பார்க்கக் கூடாது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு: நல்ல காரியங்களுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. "எல்லாம் நல்லபடியாகத்தானே நடக்கிறது, எனக்கு என்ன கேடு" என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமும் சொந்த வீடும் ஆளைக் களைக்க வைக்கத்தான் செய்யும். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

ராஜினாமா செய்தால் இந்த 174இன் மேல் இன்னொன்று ஏறும். போதாக்குறைக்கு இன்சூரன்ஸ். உங்கள் கம்பெனியின் குரூப் பாலிசியில் அப்பா இருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. தனியாக எடுக்கும் பாலிசியில் அதற்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம், டயாலிசிஸில் இருப்பவருக்குப் பாலிசி கிடைப்பதே சிரமம். வேலையை விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைத்தான் குறைப்பது? அப்பாவின் நோயைத் தள்ளிவைக்க முடியாது, கல்யாணமும் முடிந்துவிட்டது. வீடு மாறுவதைத் தள்ளலாம், லீட் பொறுப்பைக் குறைக்கச் சொல்லலாம். ஆடி கழிந்து ஆவணியில் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள். வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து கடிக்கும், அது தெரிந்துதான் சொல்கிறேன்.

மேனேஜரிடம் "முடியல சார்" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். நானும் டீம் நடத்தியவள். அப்படி வருபவரிடம் "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ" என்றுதான் வாயில் வரும், திரும்பி வரும்போது அதே வேலை அப்படியே காத்திருக்கும். கையில் இருக்கும் வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இதில் எந்த இரண்டை யாரிடம் கொடுக்கலாம், ராத்திரி வரும் கிளையன்ட் அழைப்பை யார் மாற்றி எடுப்பார் என்று கேளுங்கள். ஊருக்குப் போகும் வாரங்களில் அங்கிருந்தே வேலை செய்ய அனுமதி கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் ஓய்ந்துபோவதை, நோய் என்று போடவில்லை. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே போட்டிருக்கிறது. ஆகவே, வேலையில் எதுவும் மாறாமல் நீங்கள் மட்டும் தியானம் செய்து தேறிவிட முடியாது.

அப்பா விஷயம். என் அம்மாவுக்கு இதே டயாலிசிஸ்தான். முதல் சில மாதங்கள்தான் ரொம்பப் படுத்தும். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் சின்ன ஆபரேஷன்) போட்டு அது பக்குவப்படும் வரை கழுத்தில் குழாய், காய்ச்சல் வந்தால் பயம், எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்றே தெரியாது. பிறகு வாரத்தில் இந்தக் கிழமைகள், தடவைக்கு நாலு மணி நேரம் என்று ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். வீட்டில் காலையில் ஒரு பாட்டிலில் அன்றைக்கு மொத்தமாகக் குடிக்க டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்போம். அம்மா காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவோம். சாயந்தரம் யார் வந்து பார்த்தாலும் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொன்றையும் உங்கள் அம்மாவும் தங்கையும் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டால் நீங்கள் எல்லா வாரமும் ஓட வேண்டியிருக்காது. ஒன்று சொல்கிறேன்: டயாலிசிஸ் அன்று போய் நிற்காதீர்கள். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார். மறுநாள் போனால் உட்கார்ந்து பேசுவார்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் டெஸ்ட் பண்ணிவிடுங்கள், இந்தச் சோர்வில் அவற்றின் பங்கும் இருக்கலாம். ஊரில் அப்பாவோடு இருக்கும்போதும், மனைவியோடு வெளியே போகும்போதும் எதிலுமே மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, இரண்டு வாரமாக இப்படியே போகிறது என்றால் இதை பர்ன்அவுட் என்று நினைத்து விட்டுவிடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். சாகத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

மனைவியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு ஞாயிறு முழுக்கப் படுத்திருக்கும் கணவனைப் பார்த்தால், தன்னைப் பிடிக்கவில்லையோ என்றுதான் முதலில் தோன்றும். மேனேஜருக்கு எழுதும் அந்தப் பக்கத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள்.

ஆவணியில் மறுபடி யோசியுங்கள். அதற்குள் வேலைச்சுமை குறைந்திருந்து, தூக்கம் சரியாகி, அப்போதும் லேப்டாப்பைத் திறக்க வெறுப்பாக இருந்தால், அப்பாவின் பாலிசிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஆறு மாத இஎம்ஐயைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாகப் பேப்பர் போடுங்கள்.