கிரைண்டரின் எடை

வணக்கம் ஐயா,

மினசோட்டாவில் இருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் நெட்வொர்க்கிங் வேலை. வரும் ஏப்ரலோடு ஓய்வு. வீட்டை விற்றுவிட்டு நானும் மனைவியும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியிலேயே முழுநேரமாக வாழப்போகிறோம். 1983-ல் கம்ப்யூட்டர் கட்டிய சைக்கிளில் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட ஸ்டீவன் ராபர்ட்ஸைப் பற்றிப் படித்த நாளிலிருந்தே இருக்கும் ஆசை இது. 28 அடி டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியாயிற்று. மொத்த எடை வரம்பு 7,600 பவுண்டு. எங்கள் அரை டன் பிக்கப் 9,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், அதனால் கவலை இல்லை. டயர்களும் புதிது போலவே இருக்கின்றன. படங்கள் இணைத்திருக்கிறேன்.

கூரையில் 200 வாட் சோலார் பேனல் ஆறு, 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி நான்கு, 3,000 வாட் இன்வெர்ட்டர் போடப்போகிறேன். வீட்டில் ஓடும் சர்வர் ரேக், யு.பி.எஸ்., 3டி பிரிண்டர், கருவிப் பெட்டிகள் எல்லாம் கூடவே வரும். பின் பம்பரில் இரண்டு மின்சார சைக்கிள். நான்கு பேட்டரி போதுமா, ஆறாக்கட்டுமா? இணையத்துக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைப்பு மட்டும் போதுமா? எந்த மாநிலத்தை நிரந்தர முகவரியாக வைப்பது? இன்னொன்று, மனைவி கிரைண்டரையும் எடுத்துவர வேண்டும் என்கிறார். 30 பவுண்டு கல்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது தேவையா? நீங்கள் சொன்னால் கேட்பார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏற்றப்போகும் பொருள்களுக்கெல்லாம் வாட் எழுதியிருக்கிறீர்கள், ஆம்பியர் எழுதியிருக்கிறீர்கள். எடை எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுக்கு. அது உங்கள் மனைவியின் கிரைண்டர்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்டார்லிங்க் மட்டும் போதாது. திறந்த வானம் தெரியாத மரநிழலில் அது விட்டுவிட்டுத்தான் வரும், ஒரு செல்போன் வழி இணையமும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்லிங்கின் சின்ன ஆன்டெனாவான மினி வாங்கினால் 25 முதல் 40 வாட், நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள். முகவரிக்கு எல்லோரும் பார்க்கும் மூன்று மாநிலங்கள் டெக்ஸஸ், தெற்கு டகோட்டா, ஃபுளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. ஆகவே வரியை விட்டுவிட்டு, மருத்துவக் காப்பீடு எங்கே எந்த ஊர்வரை செல்லுபடியாகும் என்று பார்த்து முடிவெடுங்கள். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரியின் நேர்முனையை ஒட்டி கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் போடாமல் அந்த இன்வெர்ட்டரை இணைக்கக் கூடாது. உங்கள் துறைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பேட்டரி நான்கா ஆறா என்பதற்கு வருமுன் உங்கள் படங்களைப் பார்ப்போம். ஒன்றில் டிரெய்லரின் கதவைத் திறந்துவைத்து அதன் பக்கத்தில் நிற்கிறீர்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கதவில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்: ஏற்றும் சுமை 1,420 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது காலி வண்டி 6,180 பவுண்டு. இந்த வீட்டில் நீங்கள் என்ன வைத்தாலும், தண்ணீர் உட்பட, 1,420-க்குள் அடங்க வேண்டும். முந்தைய உரிமையாளர் எதையாவது பொருத்தியிருந்தால் அதுவும் இதில்தான் கழியும்.

இப்போது கூட்டுவோம். தண்ணீர் காலன் 8.3 பவுண்டு. உங்கள் 50 காலன் தொட்டி நிரம்பினால் 415. பேட்டரி ஒன்று சுமார் 26, நான்குக்கு 104. பேனல் ஆறும் 150. இன்வெர்ட்டர் ஏறக்குறைய 40. பேனல் தாங்கிகள், ஃப்யூஸ், பஸ்பார், கேபிள் எல்லாம் சேர்த்து 70 வரும். 12 வோல்ட்டில் 3,000 வாட் எடுப்பதென்றால் இழப்போடு 280 ஆம்பியருக்குப் பக்கம், அதற்கான 4/0 என்ற தடித்த செம்புக் கேபிள் அடிக்கு முக்கால் பவுண்டு கனக்கும். ஆக மின்சாரத்துக்கு மட்டும் சுமார் 365. ரேக்கும் ஈய பேட்டரி யு.பி.எஸ்.ஸும் 110, பிரிண்டரும் கருவிகளும் 200, சேர்த்து 310. பாத்திரம், துணி, படுக்கை, மளிகை, புத்தகம், வெளியே போடும் நாற்காலி என்று இரண்டு பேரின் முழுநேரக் குடித்தனம் 800-க்குக் கீழே அடங்குவது அரிது. மொத்தம் 1,890. வரம்பைவிட 470 பவுண்டு கூடுதல். சைக்கிள்களை இன்னும் சேர்க்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் 40 காலனோடு ஊர் மாறினால் இன்னும் 330.

470 தானே, வண்டி தாங்காதா என்று உங்கள் மனம் சொல்லும். எது தாங்க வேண்டும் என்று பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் டயர் எண் தெரிகிறது: எஸ்.டி. 205/75 ஆர் 14, லோட் ரேஞ்ச் (சுமைத் தரம்) சி. 50 பி.எஸ்.ஐ. காற்றில் ஒன்று 1,760 பவுண்டு தாங்கும். உங்கள் டிரெய்லர் 8,070 பவுண்டு ஆகிறது. அதில் 13 சதவீதம், 1,049 பவுண்டு, பிக்கப்பின் கொக்கியில் அழுந்தும். மீதி 7,021 நான்கு டயர்களில் இறங்கும். ஒன்றுக்கு 1,755. வரம்புக்கும் சுமைக்கும் நடுவே ஐந்து பவுண்டு. நான்கும் சமமாகச் சுமந்தால்தான் இந்தக் கணக்கும். சமையலறையும் ஃபிரிட்ஜும் வெளியே நீளும் அறையும் ஒரே பக்கம் இருக்கும் வண்டியில் சமமாக எப்படிச் சுமக்கும்? ஒரு பக்கத்து டயர்கள் இரண்டும் வரம்பைத் தாண்டித்தான் ஓடும். ஆக்சில்களைப் பாருங்கள். இந்த அளவு வண்டிக்கு வழக்கமாக வருபவை 3,500 பவுண்டு ஆக்சில்கள் இரண்டு. 7,000-ஐ நீங்கள் தாண்டியாயிற்று.

அதிகச் சுமையிலோ குறைந்த காற்றிலோ ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிரும். அந்த மடிப்பு வெப்பமாகும். வெப்பம் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டைத் தளர்த்தும். ஜூலை வெயிலில் நெடுஞ்சாலையில் மேல்ரப்பர் உரிந்து சாட்டைபோல் அடிக்கத் தொடங்கினால் சக்கரக் குழி கிழியும், தரைக்கடியில் போகும் தண்ணீர்க் குழாயும் வயர்களும் போகும். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்து டயருக்கு. சில மைல்களில் அதுவும் போகலாம். ஓட்டுகிறவருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் கிடைக்காது. பிக்கப்பின் எஞ்சினுக்கு 470 பவுண்டு ஒரு பொருட்டே இல்லை, முனகாமல் இழுத்துக்கொண்டு போகும்.

நீங்கள் போற்றும் ராபர்ட்ஸை இந்த இடத்தில்தான் நினைத்துக்கொண்டேன். அவருடைய கடைசி சைக்கிள் 580 பவுண்டு, 105 கியர். பெஹிமத் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை விரித்தால் கடைசிச் சொற்கள் ‘என்ன, கனம்தான் கொஞ்சம் அதிகம்’ என்ற பொருளில் முடியும். இன்று கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஏற்றிய ஒவ்வொரு கருவியின் எடையும் அவருடைய முழங்காலுக்குத் தெரிந்தது. உங்கள் முழங்காலுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் தராசுக்குத்தான் போக வேண்டும்.

டயரை மாற்றினால் போதாதா என்பீர்கள். மாற்றுங்கள், மாற்றியே ஆக வேண்டும். அதே அளவில் லோட் ரேஞ்ச் டி, 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு தாங்கும். ஆனால் உங்கள் சக்கரம் அந்தக் காற்றழுத்தத்தையும் எடையையும் தாங்குமா என்று சக்கரத்தின் உட்புறம் பொறித்திருப்பதைப் பாருங்கள். ஆக்சிலின் வரம்பு டயரோடு கூடாது. ‘புதிது போல’ என்று எழுதியதையும் திருத்திக்கொள்ளுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் என்றால் மேல்ரப்பரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் வீட்டை ஏற்றாதீர்கள். காற்றை வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கருவிப் பிரியரான உங்களுக்கு வாங்கச் சொல்லும் முதல் கருவி, ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் சென்சார்கள்.

அடுத்து அந்த 9,000 பவுண்டு. அது விளம்பரத்துக்கான எண். உங்களுக்கு வேண்டிய எண் பிக்கப்பின் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது, அதுவும் உங்கள் படத்தில் விழுந்திருக்கிறது: ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,540. கொக்கியில் அழுந்தும் 1,049-ஐக் கழியுங்கள். நீங்கள் இருவரும் 320. எடையை முன்னும் பின்னும் பங்கிடும் இணைப்பான ஹிட்ச் 90. மிச்சம் 81 பவுண்டு. டிரெய்லரில் கூடுவதை பிக்கப்பின் பின்னால் ஏற்றிவிடலாம் என்ற யோசனை இத்தோடு முடிந்தது. அந்த ஹிட்ச் கொக்கிச் சுமையில் ஒரு பகுதியை டிரெய்லர் ஆக்சிலுக்கே திருப்பித் தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து பவுண்டு இடைவெளி அதோடு போயிற்று.

சைக்கிள்களைப் பின் பம்பரில் மாட்டவே மாட்டாதீர்கள். பல டிரெய்லர்களில் அந்தச் சதுரக் குழாய் கழிவுநீர்க் குழாயைச் செருகி வைக்கவும் உபரிச் சக்கரம் மாட்டவும் மட்டுமே பற்றவைத்தது. இரண்டு மின்சார சைக்கிளும் தாங்கியும் 160 பவுண்டு, ஒவ்வொரு குழியிலும் அதை உலுக்கும். பற்றுக் கழன்று பின்னால் வருகிறவர் மேல் விழும். இன்னொன்று, பின்முனையில் ஏறும் எடை கொக்கியில் இருக்கும் எடையைத் தூக்கும். கொக்கிச் சுமை 10 சதவீதத்துக்குக் கீழே போனால், பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்றே டிரெய்லரை வால்போல ஆட்டத் தொடங்கப் போதும். தொடங்கிய ஆட்டம் வேகத்தோடு வளரும்.

எடை போடும் முறை இது. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், மூன்று தனித் தட்டுகள் கொண்டது. தண்ணீர் நிரப்பி, எல்லாப் பொருளும் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து போங்கள். பிக்கப்பின் முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில். ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு எடையைப் பங்கிடும் கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு சீட்டு. கடைசியாக டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு பிக்கப்பை மட்டும் ஏற்றி மூன்றாவது சீட்டு. ஒரே நாளில் மறுமுறை எடைக்குக் கட்டணம் குறைவு. இரண்டாவது சீட்டின் மொத்தத்தில் மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் உண்மை எடை. அதிலிருந்து இரண்டாவது சீட்டின் மூன்றாம் தட்டு எண்ணைக் கழித்தால் கொக்கிச் சுமை. டயரில் நிஜமாக என்ன இறங்குகிறது என்பதற்கு முதல் சீட்டின் மூன்றாம் தட்டைப் பாருங்கள். இடது வலது வித்தியாசம் இதில் தெரியாது. அதற்குச் சக்கரம் சக்கரமாக எடை போட வேண்டும். டெக்ஸஸில் லிவிங்ஸ்டனில் ஆர்.வி.காரர்களின் எஸ்கேப்பீஸ் சங்கத்தார் அதைச் செய்கிறார்கள், தெற்கே போகும்போது போய்விட்டு வாருங்கள்.

எதை இறக்குவது? ரேக்கை. 60 வாட் சர்வர் ஒரு நாளில் 1.44 யூனிட் குடிக்கும், உங்கள் பேட்டரி ஒன்றின் கொள்ளளவே 1.28. ஒரு முழு பேட்டரியையும் அதைத் தினமும் நிரப்பும் பேனல்களையும் சர்வருக்காகவே சுமக்கிறீர்கள். சுழலும் வன்தட்டுகள் இந்தக் குலுக்கலில் நிலைக்கவும் மாட்டா. 10 வாட்டில் ஓடும் கையகல மினி கம்ப்யூட்டரும் இரண்டு எஸ்.எஸ்.டி.யும் மூன்று பவுண்டு. யு.பி.எஸ். எதற்கு? இன்வெர்ட்டர்-சார்ஜர் வாங்கினால் அதுவே கரண்ட் போன நொடியில் மாறிக்கொள்ளும். ஏ.சி.யை பேட்டரியில் ஓட்டுவதில்லை என்றால் 2,000 வாட் போதும், கேபிளும் மெலியும். தண்ணீரைத் தங்கும் இடத்துக்குப் பக்கத்து ஊரில் நிரப்பிக்கொள்ளலாம், நூற்றுக்கணக்கான மைல் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எடை போடும் நாளில் தொட்டி நிரம்பியே இருக்கட்டும்.

கிரைண்டருக்கு வருகிறேன். 150 வாட் மோட்டார், அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட். உங்கள் சர்வர் ஒன்றேகால் மணி நேரத்தில் எடுப்பதுதான். 30 பவுண்டு. ரேக்கும் யு.பி.எஸ்.ஸும் 110. சொந்த வீட்டை விற்றுவிட்டு உங்களோடு சாலையில் வாழ ஒரு பெண் சம்மதித்திருக்கிறார், பதிலுக்கு அவர் கேட்டது இந்த ஒரு பொருள். அதை மறுக்க என்னைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். நான் வரமாட்டேன். நீங்கள் அப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆக்சில்களுக்கு நேர் மேலே, தரையோடு இருக்கும் அலமாரியில் வையுங்கள், அங்கேதான் குலுக்கல் குறைவு. கல்லைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, பாத்திரத்துக்கும் அலமாரிச் சுவருக்கும் நடுவே பழைய போர்வையைத் திணித்துவிடுங்கள். பிறகு எடைமேடைக்குப் போய், மூன்று சீட்டின் எண்களையும் எனக்கு எழுதுங்கள். பேட்டரி நான்கா ஆறா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன்.