குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா நெஞ்சில் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். உங்கள் தங்கை குழந்தை 1.4 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகன் 33 வாரத்தில் பிறந்தபோது 1,480 கிராம். "பெட்டி பத்தலையா?" என்று நீங்கள் கேட்டதையே என் மாமியார் அன்று வார்டில் நர்ஸிடம் கேட்டார்.

தொடக்கம் என்னவோ அப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர், அதாவது அந்தக் கண்ணாடிப் பெட்டி, போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் ஆரம்பித்த முறை இது. குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்ளும் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். ஆனால் 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருந்து கங்காரு முறையைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 16 பேர். பிறந்த கையோடு தொடங்கியபோது 12 பேர். நான்கு உயிர் என்பது சின்ன வித்தியாசமா?

எனக்கு சிசேரியன். தையல் வலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அதனால் முதலில் என் கணவர்தான் சட்டையைக் கழற்றிவிட்டு அவனை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அப்பா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சளி, காய்ச்சல், தோலில் புண் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். குழந்தைக்கு குல்லா, சாக்ஸ், டயபர் மட்டும். தவளை மாதிரி காலை மடக்கி, நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, துணியால் கட்டிவிட்டார் நர்ஸ். "தலை நிக்காத புள்ள, மூச்சு முட்டிடும்" என்று மாமியார் பதறினார். தாடை நெஞ்சில் போய் முட்டாமல் கழுத்து லேசாக நிமிர்ந்திருந்தால் மூச்சுக்குத் தடை இருக்காது. உங்கள் தங்கை கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

அப்புறம் நேரம். நான் முதலில் இருபது நிமிடத்தில் எடுத்துப் படுக்க வைத்துவிடுவேன். அடிக்கடி எடுப்பதும் வைப்பதும்தான் குழந்தைக்குச் சிரமம், ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை சொல்கிறது. ஒருத்தியால் ஆகிற காரியமில்லை, வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பால் நன்றாக ஊறியதும் அவன் நெஞ்சில் கிடந்த அந்த நாட்களில்தான். பீய்ச்சி பாலாடையில் கொடுத்தோம்.

உதடு நீலம் பூத்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, பாதம் சில்லிட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் நேராக மருத்துவமனைக்கு.

எடை 2.5 கிலோவை நெருங்கும்போது குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும். அதுவரை வீட்டிலும் விடாதீர்கள். தங்கைக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி நான்கு வாங்கிக் கொடுங்கள்.